புள்ளியில்லாத சுவர்

என் அம்மா லீலாவதிக்கு அடுப்படிதான் எல்லாம். குளிக்காமல் அதற்குள் யாரும் கால் வைக்க முடியாது. குளித்துவிட்டுப் போனாலும் "இன்னாடி வேணும்?" என்று வாசற்படியிலேயே நிறுத்திவிடுவாள். விறகை ஒவ்வொன்றாகத் தரையில் தட்டி, உள்ளே இருக்கிற பூச்சி ஓடுவதற்கு நேரம் கொடுத்து, அப்புறம்தான் அடுப்பில் வைப்பாள். அடுப்புக்குப் பின்னால் சுவரில் எறும்பு ஊர்ந்தால் மயிலிறகால் மெல்ல ஒதுக்குவாள். சமணக் குடும்பங்களில் எல்லோரும் பார்த்துப் பார்த்துச் செய்வதுதான். ஆனால் அம்மா செய்வதைப் பார்த்தால், எறும்பெல்லாம் அவளுக்குப் பிறந்த வீட்டு உறவோ என்று தோன்றும்.

பொழுது சாய்ந்தபின் எங்கள் வீட்டில் சாப்பாடு கிடையாது. செஞ்சியில் இதில் ஒரு வில்லங்கம் உண்டு. மேற்கே ராஜகிரி நிற்கிறது. வெயில் அதன் பின்னால் சீக்கிரமே போய்விடும். "மலைதான் மறைக்குது லீலா, பொழுது இன்னும் இருக்குது, சோத்தப் போடு" என்று மண்டியிலிருந்து தாமதமாக வரும் அப்பா, எங்களுக்கு நைனா, கெஞ்சுவார். "மலைக்குப் பின்னால போனா போனதுதான்" என்பாள் அம்மா. கல்யாணமான நாளிலிருந்து இந்த வழக்கு நடந்தது. நைனா ஒருநாளும் ஜெயித்ததில்லை.

நைனா சீதளநாதனுக்கு மல்லாட்டை வியாபாரம். அறுபத்தாறாம் வருஷம் வேர்க்கடலைக்கு நல்ல விலை. அடுப்படிச் சுவரில் பீங்கான் கல் பதிக்கப்போவதாக அவர் வல்லம் வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்குத்தான் கடைசியில் சொன்னார்.

"வெள்ளையா வாங்கியாங்க. மேல ஒண்ணும் இருக்கக் கூடாது" என்றாள் அம்மா.

காரணம் எனக்குத் தெரியும். அந்த வருஷம் அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னபோதே கண்டுபிடித்துவிட்டேன். "கரிபுடிச்ச செவுத்துல எறும்பு எனக்குத் தெரியலடி. வெள்ளையா இருந்தா கறுப்பாத் தெரியும். யாருகிட்டயாவது சொன்ன, தோலை உரிச்சிடுவேன்" என்றாள்.

அவள் பயந்ததற்குக் காரணம் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. நைனாவின் அக்கா, நீலாஞ்சனா அத்தை. முன்பு அவர்தான் சமைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் மங்கியபோது, "தெரியாம ஒரு உசுரு போனா பாவம் இல்லியா அண்ணி?" என்று கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்தவள் சாட்சாத் என் அம்மாதான். அதே வார்த்தையை அத்தை இப்போது திருப்பிச் சொன்னால் அம்மா என்ன பதில் சொல்வாள்? அடுப்படியை விட்டு வெளியே வந்தால் அவளுக்கு உட்கார ஓர் இடம்கூடத் தெரியாது. எனக்கு அவளை நினைத்தால் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

பாண்டிச்சேரியிலிருந்து கல் வந்தது. நைனா பெருமையாகப் பெட்டியைப் பிரித்தார். வெள்ளைதான். ஆனால் கல் முழுக்கக் கடுகை வாரி இறைத்த மாதிரி கறுப்புப் புள்ளிகள்.

"வெறும் வெள்ளையே வாங்கியிருக்கலாமே நைனா" என்றேன்.

"வெறும் வெள்ளைன்னா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். கரி வேற தெரியும். உனக்கு இன்னா தெரியும், போ."

அம்மா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் காரணம் சொல்ல வேண்டும். கொத்தனார் வீராசாமி வந்து கல்லைப் பதித்துவிட்டுப் போனார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் சமையல் தாமதமானது. வாரத்தில் பாதி நாள் சோறு இறங்குமுன் வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். "செவுத்துக்குப் பீங்கான் போட்டுட்டுப் பட்டினி கெடக்கறவன் இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான்!" என்று நைனா கத்துவார். பசி தாங்காத மனிதர்.

ஒருநாள் அவர் சீக்கிரமே வந்தார். என்னதான் நடக்கிறது என்று பார்க்க அடுப்படி வாசலில் போய் நின்றார். நானும் பின்னால் நின்றேன். அடுப்பு இன்னும் பற்றவில்லை. அம்மா சுவரோடு முகத்தை வைத்து, மயிலிறகால் ஒரு புள்ளியைத் தடவிக்கொண்டிருந்தாள். அது நகரவில்லை. "போம்மா, நெருப்பு வெக்கணும். நீ நல்லவ இல்லியா, போயிடு" என்று அதனிடம் சொன்னாள். பிறகு அடுத்த புள்ளிக்குப் போனாள்.

நைனா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சத்தமில்லாமல் கிணற்றடிக்குப் போய், கழுவின காலையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் வீராசாமியை வரவழைத்து, தெருவே கேட்கும்படி சத்தம் போட்டார். "இந்தப் புள்ளி எனக்குப் புடிக்கல! பாத்தாலே தலை சுத்துது! பேத்துடு!"

"இன்னா நயினாரே, பதிச்ச ஈரம் காயலையே!" என்று வீராசாமி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சாடா தம்பி?" என்றார் அத்தை.

"ஆமாக்கா. கெட்டுதான் போச்சு."

மண்டியில் ஒரு மாதம் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். பசியையாவது தாங்குவார், கேலியைத் துளியும் தாங்காதவர் நைனா. அத்தனையையும் வாங்கிக்கொண்டார். கண்ணைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, அம்மாவிடம்கூட.

வெறும் வெள்ளைக் கல் பதித்து அடுப்பு மூட்டப்போன முதல் நாள் சாயங்காலம், அம்மா கூவினாள். "அதோ பாருடி! வரிசையா வருது!" நிஜமாகவே எறும்புகள். எட்ட நின்றே பார்த்துவிட்டாள். மயிலிறகைக்கூட எடுக்காமல், வந்தவர்கள் எல்லோரும் போய்ச் சேரட்டும் என்று இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகுதான் விறகைத் தட்டினாள்.

சோறு வடித்து முடித்தபோது வெயில் ராஜகிரிக்குப் பின்னால் போய்விட்டது. நைனா வாசலில் நின்று மலையைப் பார்த்தார். வழக்காடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படுக்கப் போனார்.

"எங்க போறீங்க?" என்றாள் அம்மா. இலையை எடுத்துத் தரையில் போட்டாள். "மலைதான மறைக்குது, பொழுது இன்னும் இருக்குது. உக்காருங்க."

நைனா உட்கார்ந்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் தலை நிமிரவே இல்லை.