மூன்றாவது மண்டலம்

தேனில் குழைத்த செந்தூரம் என் ஆள்காட்டி விரலில் செக்கச்செவேலென்று ஒட்டியிருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், செங்கல்பட்டு வீட்டில், விடிந்ததும் அதை என் வீட்டுக்காரர் நாக்கில் தடவுவதுதான் என் முதல் வேலை. அவர் மகாபலிபுரம் பஸ்ஸில் கண்டக்டர். நாளெல்லாம் நின்று நின்று முட்டி வீங்கிப்போயிருந்தது. திருக்கழுக்குன்றத்து வைத்தியர் பாதரசத்தை மூலிகைச் சாற்றில் அரைத்துப் புடம்போட்ட மருந்து அது. "ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு. மீனும் புளியும் ஆவாது. முடிஞ்சதும் நிறுத்திட்டு வந்து காட்டணும்" என்றுதான் சொன்னார்.

முப்பதாம் நாள் மனுஷர் கடற்கரையில் வறுத்த மீனைத் தின்றுவிட்டு வந்து நின்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் குடும்பத்தில் மலை சுற்றும் விரதம் நடுவில் கெட்டால் முதல் நாளிலிருந்து தொடங்குவோம். மருந்துக்கும் அதே சட்டம்தான் என்று நானாக முடிவு கட்டினேன். வைத்தியரிடம் இன்னும் கொஞ்சம் செந்தூரம் வாங்கிவரச் சொன்னேனே தவிர, ஒரு வார்த்தை கேட்கச் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்த மேதாவி அல்லவா நான்! மறுபடி நாற்பது நாள் ஆனபோது சட்டையில் மீன் வாடை. "நான் துன்னலடி. கூடைக்காரிங்க பஸ்ல பக்கத்துல நின்னுகினு வந்தாங்க" என்று சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. மூன்றாம் முறையும் முதல் நாள்.

"இன்னும் எத்தினி நாளுடி?" என்பார். கேட்டுக்கொண்டே வாயையும் திறப்பார்.

முதலில் கால் வீங்கியது, பிறகு முகம். சிறுநீர் குறைந்து குறைந்து ஒரு நாள் நின்றே போனது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "கிட்னி ரெண்டும் போச்சு. என்ன மருந்து சாப்பிட்டார், எத்தனை நாள்?" என்று என்னைக் கேட்டார். என் மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் ஆள்காட்டி விரலை முந்தானையில் மறைத்துக்கொண்டேன்.

கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரர்தான் பேசினார். "ஒரு மண்டலந்தான் சொன்னாங்க சார். சீக்கிரம் நல்லாவணும்னு நானே எடுத்துத் துன்னுகினு இருந்தேன். இவளுக்கு ஒண்ணுந் தெரியாது."

"பாவி, உனுக்கு ஏண்டா இந்த அவசரம்?" என்று பெற்றவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார்.

இப்போதும் ஒவ்வொரு திவசத்துக்கும் என் கொழுந்தனார் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து, அவசரப்பட்டு மருந்தை அள்ளித் தின்று செத்த பெரிய தாத்தாவின் கதையைச் சொல்கிறார். பிள்ளைகள் சிரிக்கின்றன. நான் குனிந்த தலை நிமிராமல் பரிமாறிக்கொண்டிருக்கிறேன்.