மோர்வாலுக்கு நான் பேசிய தமிழ்

1. முதல் ஆட்டம்

கொல்லங்கோட்டு டென்ட் கொட்டகையில் என் வேலை பேசுவது. அப்போது படங்கள் எல்லாம் ஊமை. திரைக்குப் பக்கத்தில் நின்று, ரீல் ஓட ஓட, கதையையும் பேச்சையும் நான்தான் உரக்கச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் வந்தது ஒரு பிரெஞ்சுப் படம். நாயகன் பெயர் மோர்வால், நீண்ட மூக்குக்காரர். அவர் ஒரு சீமாட்டியிடம் வாயசைத்ததும், "ஏனுங்க அம்மிணி, ஊட்டுல ஒரு சொம்பு மோரு கெடைக்குங்களா?" என்றேன். தரை டிக்கெட் ஜனம் உருண்டு சிரித்தது. அதன் பிறகு மோர்வால் படம் என்றாலே கூட்டம் தாங்காது. ஆறு வருஷம் அவருக்காகப் பேசினேன். என் மனைவி முகத்தைவிட அவர் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருப்பேன்.

2. மாஹேக்காரர்

ஆறாம் வருஷத்தில் ஒரு நாள், மோர்வால் பட ஆட்டம் முடிந்ததும் ராகவன் என்பவர் என்னைத் தேடி வந்தார். பிரெஞ்சுக்காரர் ஆளும் மாஹேயில் குமாஸ்தா. எங்கள் ஊரில் பெண் எடுத்தவர்.

"இந்த மோர்வாலோட கத உங்களுக்கு அறியுமா?" என்றார். "பாரிஸ் நாடகத்துல இவர் சத்தம் கேக்கவே ஆளு கூடும். ஜெர்மன் சண்டைல விஷப்புகை பட்டு தொண்டை போயி. பின்னெதான் சினிமாவுக்கு வந்தது. பத்திரிகையில வாயிச்சேன்."



மறுநாள் அதே படம். காதலி கதவைச் சாத்திக்கொள்ள, மோர்வால் வெளியே நின்று நெடுநேரம் பேசும் கட்டம் வந்தது. எனக்கு வாய் வரவில்லை. மெஷின் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏனப்பா, வாயில கொழுக்கட்டையா? பேசு!" என்று பின்னாலிருந்து முதலாளி கவுண்டர் அதட்டினார்.

நான் பேசவில்லை. அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. தரையில் ஒரு பெண் விசும்பினாள். அப்புறம் இன்னொருத்தி.

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆட்டம் விட்டதும் கவுண்டர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார்.

"நாளைக்கும் அந்த எடத்துல பேசாதே."

3. கடிதம்

ராகவன் மூலம் மோர்வாலுக்கு எழுதினேன்: 'மிச்சமிருக்கும் உங்கள் குரலை ஒரு தடவையாவது கேட்க ஆசை.' பல மாதம் கழித்துப் பதில் வந்தது. ராகவன் படித்துச் சொன்னார்: 'இப்போது என்னிடம் இருப்பது கிசுகிசுப்புத்தான். கேட்டால் ஏமாந்துபோவீர்கள். அது போகட்டும், உங்கள் ஊரில் நான் என்ன பேசுகிறேன்? எழுதுங்கள்.'

நான்கு தாள் எழுதினேன். ராகவன் பிரெஞ்சில் ஆக்கி அனுப்பினார். அதற்குப் பதில் இல்லை. பேசும் படம் வந்தது. மோர்வால் படங்கள் நின்றன. கொட்டகைக்கும் நான் வேண்டாதவன் ஆனேன். வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டத்தில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வேலைக்குப் போனேன்.

இன்னொருவருக்காகப் பேச வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். முதலில் அவர் யாரென்று விசாரியுங்கள். நான் ஆறு வருஷம் விசாரிக்கவில்லை.

அந்தக் கிசுகிசுப்பைக் கேட்டிருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன். அதை அவருக்கு எழுதாமல் விட்டுவிட்டேன்.