லாரியில் ஏறிய பரோட்டாக் கல்

புதுச்சேரிக் கடற்கரையில் ஒரு உணவு வேன் நின்றது. கிரேக்க நாட்டுப் பலகாரமாம். ரொட்டிக்குள் ஆட்டுக்கறியும் வெள்ளரித் தயிரும் வைத்துச் சுருட்டித் தந்தார்கள். கல்லில் கறிக்கொழுப்பு உருகிய வாசனை என்னைத் தொண்ணூறுகளின் மதுரைப் பழங்காநத்தத்துக்கு இழுத்துப் போனது.

அங்கே அப்பா தள்ளுவண்டியில் பரோட்டாக் கடை போட்டிருந்தார். சால்னா அம்மாவின் கைப்பக்குவம். நான் பள்ளி விட்டு வந்ததும் அப்பா முதல் பரோட்டாவை அடித்து உதிர்த்து எனக்குத் தருவார்.

ஒரு சாயங்காலம், சாலையோரக் கடைகளை அகற்ற லாரியில் ஆட்கள் வந்தார்கள். வண்டியைத் தூக்கும்போதே சால்னா ரோட்டில் கொட்டி ஓடியது.

"ஏதாச்சும் சொல்லுங்களேன்!" என்று அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவர் சண்டை போடுவார், இல்லை காலிலாவது விழுவார் என்று நான் காத்திருந்தேன். மாவு ஒட்டிய கைகளோடு நின்றவர், மெதுவாகத்தான் வாயைத் திறந்தார்.

"அண்ணே, கல்லு கொதிச்சுக் கிடக்கு. கை வச்சுராதீங்க."

தூக்கியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லாரி போய்விட்டது. அதன்பின் அப்பா வேறொருவர் ஓட்டலில் மாவு பிசைந்தார். வீட்டில் அவர் பேச்சே குறைந்துபோனது.

"காரம் போடவாக்கா?" என்று வேன்காரர் கேட்டார். தலையை ஆட்டினேன். பார்வை அவருடைய கல்லை விட்டு நகரவில்லை.