ஆட்டின் இரண்டு கண்கள்

1974 ஜூலை 15, திங்கட்கிழமை, காலை ஆறே முக்கால். டீக்கடை ரேடியோவில் மலையாளச் செய்தி தொடங்கியிருந்தது, ஆகவே மணியில் பிழையில்லை. எங்கள் மலையூர் வட்டவடையில் மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. எனக்கு ஒன்பது வயது. ஊருக்குள் ஏறும் வளைவில் ஓர் ஆடு செத்துக் கிடந்தது. சுற்றி நின்றவர்கள், மாமாவையும் என்னையும் சேர்க்காமல், பதினோரு பேர்.

ஆட்டுக்குச் சொந்தக்காரி பூண்டுத் தோட்டத்து அக்கா. அவள் என் மாமாவின் காக்கிச் சட்டையைப் பிடித்திருந்தாள். மாமா மூணாறுக்கு ஜீப் ஓட்டுபவர். அன்று காலை ஆறு மணிக்கு அந்த வளைவில் ஏறியது அவர் வண்டி ஒன்றுதான்.

“அடிச்சுப்புட்டு முழிக்கிறதப் பாரு. எடுத்து வையி ஆட்டு வெலைய!”

மாமா அசரவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து, பெரிய டாக்டரைப் போல, ஆட்டின் கண்ணை இரண்டு விரலால் விரித்தார்.

“இங்க வந்து பாருக்கா. கண்ணுல ஆடை படிஞ்சிருக்கு. இப்பச் செத்ததுன்னா கண்ணாடி கணக்கா மின்னும். இது ராத்திரி பத்தரைக்குச் செத்தது. அந்நேரம் நான் வண்டியோட மூணாறுல இருக்கேன்.”

யாரும் அதைச் சந்தேகிக்க முடியாது. இருட்டியதிலிருந்து விடியற்காலை நாலு மணி வரை காட்டுப் பாதையில் வண்டியை எடுத்தால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று ஜீப் முதலாளி சொல்லியிருந்தது ஊருக்கே தெரியும்.

பதினோரு தலைகளும் குனிந்தன. நானும் கால்களுக்கிடையே நுழைந்து பார்த்தேன். உண்மைதான், கண் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தது. செத்த ஆட்டிடம் மணி கேட்கத் தெரிந்தவர் என் மாமா!

அக்கா விடவில்லை. காலைப் பிடித்து ஆட்டைப் புரட்டிப் போட்டாள். இதுவரை புல்லில் அழுந்திக் கிடந்த மறு கண், பளபளவென்று எங்களைப் பார்த்தது.

“ஏப்பா டைவரு, இந்தக் கண்ணு இப்பச் செத்துச்சு, அந்தக் கண்ணு ராத்திரியே செத்துருச்சாக்கும்?”

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“சிரிக்காதீகப்பா! தொறந்து கெடக்குற கண்ணு காத்துல காஞ்சு வெளுக்கும். ஈரப் புல்லுல மூடிக் கெடந்தது எப்படி வெளுக்கும்? பத்தரைக்கு இந்தப் பக்கமா விழுந்துச்சு, ரெண்டு தடவ கத்துச்சு, அம்புட்டுத்தான், பெறகு அசையல!”

நான் துள்ளிக் குதித்தேன். மற்றவர்கள் ஏன் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை.

அக்கா சட்டையை விட்டாள். மெதுவாகக் கேட்டாள்.

“கத்துனதையும் கண்ணுதான் சொல்லுச்சா தம்பி?”

மாமா ஆட்டை விட்டு எழுந்தார். பிறகு பையில் கை விட்டார்.

இவ்வளவு துல்லியமாகச் சொன்னவர் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரே கோபம். இரக்கப்பட்டுக் கொடுக்கிறார் என்று முடிவு செய்தேன். செத்த ஆடு எத்தனை தடவை கத்தியது என்பதைக்கூட என் மாமா கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன். அந்த வாரமே ஒரு கோழி, இரண்டு எலி, ஓர் ஓணான் ஆகியவற்றின் கண்களை விரித்துப் பார்த்தேன். ஆடை தெரிந்தது. கத்தியது மட்டும் எதிலும் தெரியவில்லை. எனக்கு இன்னும் பழக்கம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவுக்கு ஆன செலவு: ஆட்டுக்கு அறுபது ரூபாய். முதலாளியிடம் யாரும் வாய் திறக்காமலிருக்க, பதினோரு பேருக்கு டீயும் வடையும், தலைக்கு இருபத்தைந்து காசு. ஆக மொத்தம் அறுபத்திரண்டு ரூபாய் எழுபத்தைந்து காசு.