ஜெல்லாகிப் போன பிசின்

கோலார் தங்கவயலில் உள்ள சாம்பியன் ரீப்ஸிலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களில் நானும் ஒருத்தி. ஒயிட்ஃபீல்டு பக்கத்தில் ஒரு சிறிய ஆய்வுக்கூடம். மோட்டார் சுருள்களுக்குப் பூசும் வார்னிஷுக்காக சிலிக்கோன் பிசின் செய்து பார்க்கிறோம்.

ஆர்கனோகுளோரோசிலேன் என்ற திரவங்களை டொலுவின் என்ற கரைப்பானில் கலந்து, ஐஸ் போட்ட தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தண்ணீர் பட்டதும் அதிலிருக்கும் குளோரின் அமிலமாகப் பிரிந்துவிடும். மிச்ச மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து சிலாக்சேன் என்ற சங்கிலிகளாகும். குளிர்ச்சியாக, நிதானமாக விட்டால் தெளிந்த பிசின் கிடைக்கும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் கண்டபடி பின்னிக்கொண்டு ஜெல்லாகிவிடும். அப்புறம் எதிலும் கரையாது.

போன கோடையில் ஒருநாள் ஐஸ் வந்து சேரவே மத்தியானம் தாண்டிவிட்டது. சாயங்கால ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. சிலேன் சொட்டும் புனலின் குழாயைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டேன். தெர்மாமீட்டர் முப்பதைத் தாண்டியது. பதிவேட்டில் எப்போதும்போல 'பத்து டிகிரிக்குள்' என்று எழுதிவிட்டு ஓடினேன்.

காலையில் குடுவைக்குள் கலக்கியின் தண்டு அசையவில்லை. தண்ணீருக்கு மேலே மிதக்கும் பிசின் அடுக்கு முழுவதும் ஜெல்லி.

மேனேஜர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். "டெம்பரேச்சர் சரியாத்தானே இருக்கு? அப்ப டிரம்ல வந்த சரக்குலதான் கோளாறு. சப்ளையருக்கு எழுதிடறேன்" என்றார். நான் ஸ்பேட்டுலா கரண்டியால் ஜெல்லைச் சுரண்டிக்கொண்டே இருந்தேன்.

வீட்டில் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா ஆச்சு? ஏன் ஒரு மாரி கீற?" என்றார். அவர் இங்கே கனரக இயந்திரத் தொழிற்சாலையில் வெல்டிங் பரிசோதகர். நடந்ததைச் சொன்னேன்.

"பாக்காத வெல்டப் பாத்தேன்னு நான் கையெழுத்துப் போட்டா நீ ஒத்துப்பியா?"

"மாட்டேன்."

"அப்ப நாளைக்கே போய்ச் சொல்லிடு. சப்ளையர்க்காரன் இன்னா பண்ணான் பாவம்."

மறுநாள் மேனேஜரின் மேசை முன்னால் நின்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பதிவேட்டை மறுபடி புரட்டிவிட்டு, "அதே டிரம்ல இருந்து எடுத்து ரெண்டு விதமாவும் பண்ணுங்க" என்றார்.

செய்தேன். ஒரு குடுவையில் ஐஸ் குளிரில் சொட்டுச் சொட்டாக. இன்னொன்றில் அன்று விட்ட அதே வேகத்தில், அதே சூட்டில். மறுநாள் காலை முதல் குடுவையில் பிசின் தேன்போலத் தெளிந்திருந்தது. இரண்டாவது கெட்டியாகிக் கிடந்தது. சரக்கில் ஒரு குறையும் இல்லை. சப்ளையருக்கு அனுப்ப வைத்திருந்த கடிதத்தை மேனேஜர் கிழித்துப் போட்டார்.

பதிவேட்டில் பழைய எண்ணை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் 'முப்பத்திரண்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதன்பிறகு சில வாரங்கள் என் அளவீடுகளை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் யாரையும் குறைசொல்ல எனக்கு வாயில்லை. மத்தியானத்துக்கு மேல் யாரும் சிலேன் விட ஆரம்பிக்கக் கூடாது என்று மேனேஜர் ஒரு விதியும் போட்டார். ஐஸ் வரத் தாமதமாகும் நாட்களில் இப்போது கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுகிறோம்.