விட்டுக்கொடுக்கிற ரீல்

மீன்பிடி ரீல் விக்கிறவனுக்குப் பொறுமை வேணும். எனக்கு அது மருந்துக்கும் கிடையாது. காரைக்கால்ல கடை. உங்கள்ல யாராவது கல்லாவுக்குப் பின்னால நின்னு வாய் வலிக்கப் பேசினவங்களா இருந்தா, இதைக் கேளுங்க.

பளபளப்பு

கருக்களாச்சேரி அஞ்சப்பன் அண்ணன் படகுல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சவரு. இனிமே படகே ஏறக்கூடாதுன்னுட்டாங்க. சுவரைப் பார்த்தே படுத்திருக்காரு, சோறும் இறங்கலன்னு அவரு சம்சாரம் தெய்வானை அண்ணி கையோட கூட்டிக்கிட்டு வந்தாங்க. கரையில உக்காந்தாவது மீன் பிடிச்சா மனுசன் தேறிடுவாருன்னு அவங்க நம்பிக்கை.

நான் பெருசா, பளபளன்னு இருக்கிறதா எடுத்து வச்சு, பேரிங் எத்தனைன்னு ஒப்பிச்சேன். அவரு காதுலயே வாங்கல. ஒவ்வொரு ரீல்லயும் சுத்தியிருக்கிற தூண்டில் நரம்பைப் பிடிச்சு, கண்ணை மூடிக்கிட்டு மெதுவா இழுத்துப் பார்த்தாரு. மீன் இழுத்தா நரம்பை அளவா விடுறதுக்கு ரீல்ல டிராக்னு ஒண்ணு இருக்கு; காலமெல்லாம் விரலால நரம்பு விட்டுப் பிடிச்சவரு அதைத்தான் சோதிச்சிருக்காரு. அசந்துட்டேன். மூலையில இருந்த நடுத்தர ரீல் ஒண்ணை எடுத்து வச்சுக்கிட்டுச் சொன்னாரு: "இது கொடுக்குது தம்பி. மத்ததெல்லாம் வெடுக்குனு பிடுங்குது."

எண்ணெய்

திருநள்ளாத்துல லாட்ஜ் பாத்துக்கிற ஒருத்தர் நம்ம வாடிக்கை. கைப்பிடி சுத்தலன்னு ரீலைக் கொண்டாந்தாரு. திறந்தா உள்ள பிசுபிசுன்னு ஒட்டிக்கிடக்கு, நல்லெண்ணெய் வாசம் மூக்கைத் துளைக்குது. ரீலுக்குன்னு உள்ள எண்ணெய்ல ஒரு சொட்டு போதும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனேன்னு கத்துனேன். மனுசன் அசரவே இல்ல: "சனீஸ்வரனுக்கே நல்லெண்ணெய்தாங்க. ரீலு என்ன, அவரை விடப் பெருசா?"

அலசல்

கொஞ்ச நாள்லயே தெய்வானை அண்ணி கலங்கின கண்ணோட வந்து நின்னாங்க. ரீல் இறுகிப்போச்சு, அண்ணன் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. கழட்டினா உள்ளயெல்லாம் உப்பு பூத்துக்கிடக்கு. விசாரிச்சா, மணல் போகட்டும்னு கடல்லயே முக்கி அலசியிருக்காரு. வலையை அப்படித்தானே அலசுவாங்க, யாரைத் திட்டுறது?

உக்காந்து ஒவ்வொரு பல்சக்கரமா துடைச்சு மாட்டிக் கொடுத்தேன். டிராக்கை இறுக்கிக்கிட்டு நல்ல தண்ணியை லேசாத் தெளிச்சுக் கழுவணும், துடைச்சுத் தளர்த்தி நிழல்ல காயவைக்கணும்னேன். அண்ணி அதை அப்படியே திருப்பிச் சொல்லிட்டு ரீலை முந்தானையில சுத்திக்கிட்டாங்க. "வலை அவரு பாடு. இதை இனிமே நான்தான் குளிப்பாட்டுவேன்."

முகத்துவாரம்

அரசலாறு கடல்ல சேர்ற இடம், ஒரு சாயங்காலம். கல்லு மேல அஞ்சப்பன் அண்ணன் முக்காலி போட்டு உக்காந்திருக்காரு, பக்கத்துல லாட்ஜ்காரரும் நானும். கொடுவா மீன் ஒண்ணு கவ்வுனதுதான் தாமதம், நரம்பு கிர்ருனு ஓடுது. "இறுக்குங்க, இறுக்குங்க"ன்னு லாட்ஜ்காரர் குதிக்கிறாரு. அண்ணன் டிராக்கைத் தொடவே இல்ல. ஓட விட்டாரு, களைச்சா சுத்துனாரு, மறுபடி ஓட விட்டாரு. ரீல்ல ஒரு இடறல் இல்ல. அண்ணி அதைக் கழுவித் துடைச்சு அப்படிப் பாத்துக்கிட்டிருக்காங்க. மீன் கல்லோரம் வந்து சாய்ஞ்சப்ப எனக்குத்தான் கண்ணு கலங்கிடுச்சு. அவரு கையைத் துடைச்சுக்கிட்டு எங்களைப் பார்த்தாரு: "படகு ஏறாதேன்னுதான் டாக்டர் சொன்னாரு. கடலுக்குப் போகாதேன்னு சொல்லலையே."

தொண்டை கிழியக் கத்துறதுக்கும் நம்ம தொழில்ல கூலி உண்டுங்க. அன்னைக்கு எனக்குக் கொடுவாத் தலை கிடைச்சுது.