கடைசி வண்டியும் பச்சைக் கொடியும்

ஹைதராபாத்தில் பாலாநகர் போகும் வழியில் கிளைப்பாதை ஸ்டேஷன் ஒன்று இன்னும் நிற்கிறது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பெயர்ப்பலகையில் உருது எழுத்து மட்டும் பிழைத்திருக்கிறது. அங்கே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர் என் அப்பா. பேர்தான் பெரிது. காலையில் தொழிற்சாலை ஆட்களை இறக்கிவிட்டு, மாலையில் அள்ளிக்கொண்டு போகும் ஒரே வண்டிக்குத்தான் அவர் மாஸ்டர்.

பஸ்கள் பெருகியதும் அந்த ஆட்களும் குறைந்தார்கள். பாதையை மூடினால் மாற்றல் வரும், பிள்ளைகள் பிறந்த ரயில்வே காலனி வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அம்மா அடிக்கடி அழுதாள். எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. கடைசி வண்டிக்கு நான்தான் பச்சைக் கொடி காட்டுவேன் என்று அப்பாவிடம் வாக்கு வாங்கியிருந்தேன். என்றைக்கு என்று மட்டும் அவர் சொல்லவே இல்லை. பொறுமை இழந்து, கடைசி வண்டி எப்போது என்று அவரிடம் போர்ட்டராக இருந்த பக்கத்து வீட்டு சாச்சாவைக் கேட்டேன்.

"ஆக்ரி காடியா? பர்சோ, பேட்டா," என்றார்.

பர்சோ என்றால் நாளை மறுநாள். ஹிந்தியில் முதல் மார்க் வாங்கும் எனக்கு இதுகூடவா தெரியாது?

அந்த நாள் காலையில் தீபாவளிப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, யூனிஃபார்மில் கிளம்பிய அப்பாவின் சைக்கிளை மறித்தேன்.

"இன்னிக்குத்தானே கடைசி வண்டி? நானும் வரேன்."

அப்பா என்னைப் பார்த்தார். வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். "சரி, ஏறு," என்றார்.

ஸ்டேஷனில் ஈ காக்கை இல்லை. "வண்டி லேட்டும்மா," என்று அப்பா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அம்மா கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தை இருவரும் பங்கிட்டுத் தின்றோம். வெயில் சாய்ந்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"கொடியைக் காட்டு."

"வண்டியே வரலியேப்பா?"

"நீ காட்டு."

வெறும் தண்டவாளத்துக்குக் கை வலிக்கக் காட்டினேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் போட்டுக்கொடுத்தேன்: "வண்டி வரவே இல்லம்மா! அப்பா சும்மா உக்காந்திருந்தார்!"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒரே ஷூவின் கயிற்றை வெகுநேரம் அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

பர்சோவுக்கு முந்தாநாள் என்றும் பொருள் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் சாச்சாவைக் கேட்டபோதே கடைசி வண்டி போயிருந்தது. அப்பாவுக்கு அது தெரியும். வண்டி நின்றுபோனதை அம்மாவிடம் சொல்ல வாய் வராமல், மாற்றல் உத்தரவு வரும்வரை தினமும் சைக்கிளை மிதித்திருக்கிறார்.

மறுநாள் காலையிலும் அவர் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டார். அம்மா வழக்கம்போல் டிபன் டப்பாவை நீட்டினாள். நான் சொன்னது அவள் காதில் விழவில்லை என்றுதான் அன்று நினைத்தேன்.